எடைமேடையில் இருபது கிலோ

வண்டி எதுவும் இல்லை.
ஆனாலும் திரை காட்டுகிறது: இருபது கிலோ.
ராத்திரி பத்துக்குச் சுழியம் வைத்தேன்,
இப்போது நாலரை.
சூளகிரி கிரஷர் இன்னும் அரைக்கிறது.
இருபதும் தூசி.

திம்மக்கா துடைப்பத்தோடு வரும்வரை
இந்தச் சரக்குக்கு
ரசீது கிடையாது.

அறைக் கண்ணாடியின் மூலையில்
டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து
பூனைமுடிபோல் பொசபொசவென்று.
மெல்ல வந்து தொட்டவை தங்கிவிட்டன,
முட்டிக்கொண்டு வந்தவை எகிறிப் போயின.
பசை எதுவும் இல்லை.
இத்தனூண்டாய் இருப்பதுதான் பசை.

அஞ்சல் வழியில் இயற்பியல், இரண்டாம் வருடம்.
இந்தப் பாடம் மட்டும் நான்கு ராத்திரியாக.
இப்போதுதான் பற்றிக்கொண்ட ஒரு சூரியன்,
சுற்றிலும் வாயுத் தட்டு,
அதில் புகையைவிட மெல்லிய துகள்கள்
நடுத்தளத்துக்கு இறங்குகின்றன.
பெருத்தது முந்தி இறங்கும்,
இறங்குகிற வழியில் கிடப்பதையெல்லாம்
சேர்த்துக்கொண்டு.

ஒரு மீட்டர் வளர்ந்தால் கெட்ட காலம்.
கல்லைவிட வாயு கொஞ்சம் மெதுவாகச் சுற்றுகிறது;
கல்லுக்கு எந்நேரமும் எதிர்காற்று.
வேகம் கரையக் கரைய
நூறு இருநூறு வருடத்தில்
சூரியனின் வாய்க்குள்.

"தொப்பூர் இறக்கத்தில் பிரேக் போன லாரி மாதிரி"
என்று ஓரத்தில் எழுதினேன்.
எழுதிய பேனாவாலேயே அடித்தேன்.
போன மாசியில் நஞ்சப்பன் கொண்டுபோன கல்,
இருபத்தெட்டு டன்.
எடை போட்டது நான்.

அப்படியானால் பூமி எப்படி மிஞ்சியது?
அந்த இடத்தில் புத்தகம் குரலைத் தாழ்த்துகிறது,
"இருக்கலாம்" என்கிறது,
"கருதப்படுகிறது" என்கிறது.
கூழாங்கற்கள் கூட்டமாய்ப் போனால்
காற்றையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும்.
எதிர்காற்று தணியும், கூட்டம் நழுவுவது குறையும்,
வெளியிலிருந்து தனியே வருவது
அதில் வந்து மாட்டும்.
கூடிக் கூடி
ஒரு நாள் தன் எடையைத் தானே தாங்காமல்
மொத்தமும் உள்ளே சரிந்து
ஒரே உருண்டை.
தேர்வுக்கு இது ஐந்து மதிப்பெண்.

திம்மக்கா வந்துவிட்டாள்,
வாயைச் சுற்றி ஈரத் துண்டு.
மேடையில் ஏறுகிறாள்: அறுபத்தைந்து.
ஓரத்திலிருந்து பெருக்குகிறாள்.
அறுபது.
ஐம்பத்தைந்து.
நடுவில் நின்று இருமுகிறாள், எண் ஆடுகிறது.
ஐம்பது.
நாற்பத்தைந்து.
அதற்குமேல் இறங்கவில்லை, அது அவள்.
பதினோரு வருடமாக அவளுக்குள் இறங்கியது
அதில் எவ்வளவு என்று
திரைக்குத் தெரியாது.

கீழே ரோட்டில் முதல் லாரியின் ஹாரன்.
"அக்கா, சுழியம் வைக்கவா?"
"இரு கண்ணு,
நான் எறங்கிக்கிறேன்."