தார்ப்பாய்

விடியுமுன் ஹெராத்தை விட்டோம்.
லாரியில் அறுபத்திரண்டு கம்பளி,
மாவு மூட்டைகள், சிரங்குக் களிம்பு,
இருமல் மருந்து நான்கு பெட்டி.
பல் பிடுங்க ஸர்மினா.
மருந்து எடுத்துத் தர, வாய் திறக்காத ஹஷ்மத்.
வழி நெடுகப் பேசிக்கொண்டே ஓட்ட குலாம் சகி.
பெயர் எழுத நான்.

கடைசி ஆற்றில் லாரி புதைந்தது.
அச்சு வரைக்கும் சேறு.
குலாம் சகி ஆற்றைத் திட்டினான்,
ஆற்றைப் பெற்றவளைத் திட்டினான்,
பக்கத்தில் நாங்கள் இருப்பது நினைவு வந்து
இருமினான்.

யாருக்கு உதவப் போனோமோ
அவர்கள்தான் வந்தார்கள்.
பதினேழு ஆண்கள், இரண்டு கழுதை, ஒரு கயிறு.
அதில் ஒருவருக்கு ஒற்றைக் கால்.
அவர் கரையில் நின்று
'யா அல்லா' என்று இழுப்புக்கு அளவு சொன்னார்.
அந்தச் சொல்லின் பின்பாதியில்தான்
லாரி அசைந்தது, ஒவ்வொரு முறையும்.

படிவத்தில் இரண்டு பத்தி:
வழங்கியது, பெற்றவர்.
சேறு எதிலும் சேரவில்லை.

சியா கமர். நாற்பது வீடு என்றார்கள்,
அறுபத்தொன்பது குடும்பம் இருந்தது.
பெண்களுக்கென்று
ஆட்டுப்பட்டியைப் பெருக்கி வைத்திருந்தார்கள்.
கவிழ்த்த எண்ணெய் டின்தான் ஸர்மினாவின் நாற்காலி.
முதல் பல் ஒரு சிறுமியுடையது.
துப்பிவிட்டு, பல்லைக் கேட்டு வாங்கி
எலிவளை தேடி ஓடினாள்.
எலிக்குக் கொடுத்தால்
எலியின் பல் முளைக்குமாம்.

நான் பெயர் கேட்டேன்.
'துராபின் தாய்.'
உன் பெயர்?
'எழுது, துராபின் தாய்.'
கட்டைவிரலை மையில் தோய்த்து ஒற்றினால்
வெறும் நீல வட்டம்.
கம்பளத்தில் முடிச்சுப் போட்டுப் போட்டு
ரேகை போய்விட்டிருந்தது.
காகிதத்தில் அறுபத்திரண்டு நீல நிலாக்கள்.
எது யாருடையது என்று
மேலிடம் கேட்டால் என்ன சொல்வேன்?

முப்பத்தெட்டாவதாக வந்தவள்
தன் பெயரையே சொன்னாள்: கந்திகுல்.
கம்பளியை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.
பிறகு மடித்துத் திருப்பித் தந்தாள்.
'இதை என் நாத்திக்குக் கொடு,
அவள் உன் தாளில் இல்லை.
எனக்கு அது.'
விரல் லாரிக்கு மேலே நீண்டது.
தார்ப்பாய்.

'பங்குனி மழையில் கூரையில் கால்வாசி உள்ளே விழுந்தது.
நனைந்த கம்பளி கனக்கும் தங்கச்சி,
சின்னவன் அதன் அடியில் மூச்சுவிடத் திணறுவான்.'

இரண்டையும் வாங்கிக்கொள் என்றேன்.
சிரித்தாள்.
'வேண்டாம், கணக்கு உன்னைக் கடிக்கும்.'

குலாம் சகி குதித்தான்.
முதலாளியின் சொத்து, என் வேலை போகும்,
வானத்தைப் பார், வழியெல்லாம் மழை,
உங்களுக்கென்ன, எழுதிவிட்டுப் போவீர்கள்.
எல்லாம் உண்மை.
யாரும் மறுக்கவில்லை என்பதால்
அவனுக்கு இன்னும் கோபம்.
அளவாவது பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனான்.
அரை மணி நேரம் கழித்து
பேசாமல் வந்தான்.
அவன் பேசாமல் இருந்ததை
அன்றுதான் பார்த்தேன்.
லாரிமேல் ஏறி முடிச்சுகளை அவிழ்த்தான்.
அவனே போட்டவை; லேசில் அவிழவில்லை.
பல்லால் கடித்தான்.

ஏழு குடும்பங்களுக்கு எதுவும் இல்லை.
அவர்கள் எங்களைத் திட்டவில்லை.
லாரி கிளம்பும்போது
மற்றவர்களைப் போலவே
நெஞ்சில் கை வைத்து நின்றார்கள்.
அது இன்னும் இறங்கவில்லை எனக்கு.

மலைச்சரிவில் மழை பிடித்தது.
முன்னால் மூவருக்குத்தான் இடம்.
ஹஷ்மத் பின்னால், திறந்த லாரியில்,
தலையில் காலி மாவுச் சாக்கோடு.
கொஞ்ச தூரம் போனதும்
அவன் பாடுவது கேட்டது.
படுமோசமாகப் பாடினான்.
ஸர்மினா வாயைப் பொத்திக்கொண்டாள்,
சிரிப்பா வேறெதுவா, இருட்டில் தெரியவில்லை.

'முதலாளிக்கு என்ன சொல்வாய்?'
'காற்று கொண்டுபோயிற்று என்பேன்.'
வைப்பர் ஒரு பக்கம் மட்டும் துடைத்துக்கொண்டிருந்தது.
காற்று கொண்டுபோய்விடாதிருக்க
அந்தக் கூரையில்
பதினொரு கல் அடுக்கிவிட்டு வந்தவன்
சொன்னான்.