எவ்வளவு குறைவாக எரியும்?

நவம்பர் கடைசி. தார்த்துவில்
மூன்றரை மணிக்கே இருட்டு
கடைவாசலில் வந்து செருப்பைக் கழற்றுகிறது.

என் கால்சட்டைப் பையின் ஆழம்
ஆள்காட்டி விரலில் இரண்டு கணு.
பெண்கள் எதையும் தூக்கிப் போகமாட்டார்கள் என்று
தைத்தவர்கள் யாரைக் கேட்டு முடிவுசெய்தார்களோ.

அதனால் முதலில் நீளம், என்றேன்.
தீத்ரிக் கண்ணாடி அலமாரியைத் திறந்து
ஏழு டார்ச்சுகளைப் பச்சைத் துணியில் நிறுத்தினார்,
சிப்பாய்கள் மட்டும் மிஞ்சிய சதுரங்கம்போல.

"இது ஆயிரத்து இருநூறு லூமன்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிற நாயின்
கழுத்துப்பட்டைகூடத் தெரியும்."

அந்த நாயிடம் எனக்கு என்ன வேலை?
நான் லிஃப்ட் பழுதுபார்க்கிறவள்.
ஆன்னெலின் குடியிருப்பின் ஒன்பது மாடிக் கிணறுகளில்
நெற்றியில் பெருவிளக்கோடு பகல் முழுக்கத் தொங்குகிறேன்.
குன்றின் மேல் வைக்க விரும்புகிறவர்கள் அதை வாங்கட்டும்.
நான் தேடுவது குடத்துக்குள் வைக்க.

"எவ்வளவு குறைவாக எரியும்?"

இத்தனை வருட வியாபாரத்தில்
அந்தப் பக்கத்திலிருந்து யாரும் கேட்டதில்லை போலும்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்,
துடைக்காமலே திரும்ப மாட்டிக்கொண்டார்.

கடையில் ஜன்னல் இல்லாத அறை கழிப்பறை ஒன்றுதான்.
இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினோம்.
துணி உலர்த்தும் கொடியில் அவருடைய துண்டு
என் காதில் உரச உரச
ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தேன்.

அலுமினியத்துக்கு எடையே இல்லை,
தொலைந்தால் மூன்றாம் நாள்தான் தெரியும்.
டைட்டானியம் அழகு. ஆனால் மரையைச் சுழற்றும்போது
சோற்றில் கல் கடித்த பல்.
இன்னொன்று தணியத் தணிய நடுங்கியது.
அதற்கடுத்ததன் வெள்ளையில் என் கை
பிணவறையில் யாரோ விட்டுப்போன கை.

பிறகு செம்பு.
குட்டைதான், கனம்தான்.
உள்ளங்கையில் சில்லறைக் காசின் வாடையை விட்டது.
அதன் ஒளியில் நரம்பு நீலமாக இருந்தது,
கட்டைவிரலின் பழைய தீக்காயம் ரோஜா நிறம்.
பையில் கிடந்த வயர்த் துண்டுகளை எடுத்து நீட்டினேன்:
சிவப்பு சிவப்பாகவும் பழுப்பு பழுப்பாகவும்.
என் தொழிலில் நிறம் பிழைத்தால்
ஆள் பிழைக்கமாட்டார்.

"இன்னும் தணியும்," என்றார். தணித்தார்.
எரிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.
தீத்ரிக்கின் முகம் தெரியவில்லை.
சட்டையின் நான்காவது பொத்தான் மட்டும் தெரிந்தது,
அதில் நூல் பிரிந்திருந்ததும்.

"இதுதான்."

நூற்று முப்பது யூரோ.
பகல் கொள்ளை என்று சொல்லலாமென்றால்
வெளியே பகலே மிச்சமில்லை.

கூட வேலைபார்க்கும் ஆஹ்தோ சிரித்தான்:
"போனிலேயே விளக்கு இருக்கே, ஓசியில்."
இருக்கிறது.
அதைப் போட்டால் அறை முழுக்க எழுந்து உட்காருகிறது,
போதாததற்கு
படிக்காத நாலு செய்திகளும்.

ரீஹோவுக்கு மாதத்தில் ஐந்தாறு நாள் ஒற்றைத் தலைவலி.
அந்த நாட்களில் எங்கள் படுக்கையறைக்குத்
திரைமேல் திரை.
கதவிடுக்கில் நுழையும் ஒரு கோடு வெளிச்சம்கூட
அவன் கண்ணுக்குப் பின்னால் போய்க் குத்தும்.
நான் இத்தனை நாளும்
மாத்திரையை விரலால் தடவித்தான் எண்ணினேன்.
ஒருமுறை எண்ணிக்கை தவறியது.
அதை ஆஹ்தோவிடம் சொல்லவில்லை, தீத்ரிக்கிடமும்.

செம்பு இப்போது
கட்டைவிரல் படுகிற இடத்தில் மட்டும்
தேநீர் நிறமாகிவிட்டது.
ஒரு தடவை சலவை இயந்திரத்துக்குள் போய்
நாற்பது நிமிஷம் சுற்றி வந்தது.
கிளிப் பையின் விளிம்பைக் கவ்வியபடியே இருந்தது,
பல்லுக்குப் பயந்த குழந்தையின் வாய்போல.

நேற்றிரவு இரண்டு மணி.
டம்ளரைக் கண்டுபிடித்தேன். இரண்டு மாத்திரை,
எண்ணி இரண்டு.
அவன் நெற்றியின் சுருக்கம்
கொஞ்சம் அவிழ்ந்திருந்ததா என்றும் பார்த்தேன்,
பார்க்க முடிந்தது.

கண்ணைத் திறக்காமலே கேட்டான்:
"இருட்டில் என்ன செய்கிறாய்,
எதிலாவது இடித்துக்கொள்வாய்."

"பழகிவிட்டது," என்றேன்.
எரிந்துகொண்டிருந்ததை
அணைக்காமலே பைக்குள் வைத்தேன்.