கால் ஆணி

காலைப் பிடித்துப் பிழைக்கிறவன் நான்.
வெட்கம் ஒன்றுமில்லை.
மணிக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபா,
கழுவித் துடைத்த கால் மட்டும்.

வெள்ளவத்தை. கீழே பாமசி, மேலே நான்.
ரயில் போகும்போதெல்லாம் யன்னல் நடுங்கும்.
சுவரில் இரண்டு உள்ளங்கால் படம்:
பெருவிரலில் மூளை, வளைவில் கணையம்.
உப்புக் காற்றில் ஈரல் வெளிறிவிட்டது.
வருகிறவர்கள் முதலில் படத்தைப் பார்ப்பார்கள்,
பிறகு என்னை,
சாத்திரியைப் பார்ப்பது போல.

'எனக்கு என்ன வருத்தம் எண்டு சொல்லும் பார்ப்பம்'
என்று காலை நீட்டுவாள் வங்கி மனேஜர்.
எனக்குத் தெரியாது, அக்கா.
'கல்லுக் கல்லாய் நெருடுதே, அது நஞ்சுதானே?'
அது உங்கட தசைநார். இருக்கட்டும்.
நூறாம் நம்பர் பஸ் ஓட்டுகிற எட்வினுக்கோ
நொந்தால்தான் மருந்து.
பல்லைக் கடித்தபடி இன்னும் அழுத்து, இன்னும் என்பான்.
'சும்மா கால் தடவுற வேலை' என்கிறான்
கீழ்க்கடைப் பெடியன்.
சும்மாவும் இல்லையடா.
கீமோ முடித்து வருகிற றீற்றா ரீச்சர்
போன வெள்ளி இந்தக் கதிரையில்
நாற்பது நிமிடம் குறட்டை விட்டார்.
கட்டி கரையவில்லை. கரையும் என்று நான் சொல்லவுமில்லை.
நித்திரை வந்தது, அவ்வளவுதான்.
அவ்வளவு.

பழைய சோனகத் தெருவில் ஹார்ட்வெயர்,
மஹ்ரூப் ஹாஜியார்.
சப்பாத்துக் கழற்றவே மூச்சு வாங்கியது.
'அழுத்துங்க தம்பி.'
அழுத்தினேன், பெருவிரலிலிருந்து குதி வரை.
'நோவே இல்ல! பார்த்தீங்களா,
உள்ளுக்கு எல்லாம் புதுச் சாமான்.'
நோகாத இடம் நல்ல இடம் என்பது
எங்கோ யாரோ அவருக்குப் போட்டுக்கொடுத்த கணக்கு.

வலது காலில், நடுவிரலுக்குக் கீழே
கறுத்த பொட்டு.
'அது கால் ஆணி. ஒரு மாசமாக் கிடக்கு, விடுங்க.'
டோச் அடித்துப் பார்த்தேன்.

ஆணிதான்.
அரை அங்குலம், தட்டைத் தலை,
அவர் கடையில் நிறுத்து விற்கிற சாதி.
வெறுங்காலோடு கடைக்குள் நடந்த ஏதோ ஒரு நாளில்
ஏறியிருக்கிறது.
ஐந்து வேளை கழுவிய கால்.
வயிறு மறைத்ததில் அடியைப் பார்க்கவில்லை,
அடியும் ஒன்றும் சொல்லவில்லை.
உள்ளே சலம் கட்டி, அதன்மேல் மனிதர்
புறக்கோட்டை முழுதும் நடந்திருக்கிறார்.

நான் அதைத் தொடவில்லை.
தைலப் போத்தலை மூடினேன்.
துணி சுற்றி, கைத்தாங்கலாக இறக்கி,
'பெரியாஸ்பத்திரி' என்றேன் ஓட்டோக்காரனிடம்.
'நாளைக்குப் போறனே?'
இப்ப.

இரவு மகன் போன் எடுத்தான்.
சீனி முந்நூற்று எண்பது.
விரல் ஒன்று போகலாம், கால் தப்பும்.

ஏழு வாரம் கழித்து வந்தார்,
ஒரு விரல் குறைய, ஒரு பெட்டி மஸ்கட் கூட.
('எனக்கில்ல, உங்களுக்கு.')
'கணையத்த அழுத்திச் சீனியக் கண்டுபிடிச்ச கை!'
கூட வந்த மூவருக்கும்
என் கையைத் தூக்கிக் காட்டினார்.
இல்லை ஹாஜியார், கண்ணால் பார்த்தது, டோச்சால்.
ஆணி நின்றது படத்தில் நுரையீரல் இருக்கிற இடம்,
உங்கள் நுரையீரலுக்கு ஒன்றுமில்லையே.
அவர்கள் ஆளையாள் பார்த்தார்கள்.
'என்ன அடக்கம்' என்றார் ஒருவர்.

இப்போது படிக்கட்டு வரை ஆட்கள்.
பாமசிக்காரர் வாடகையைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறார்.
கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள் என்றால்
'நீங்களே தொட்டுச் சொல்லுங்களன்' என்கிறார்கள்.
ஒருநாள் படத்தைக் கழற்றி வைத்தேன்.
மூன்று பேர் காலை நீட்டாமலே திரும்பிப் போனார்கள்.
வாடகை நாள் நெருங்க மறுபடி மாட்டினேன்.
மாட்ட ஆணிக்குப் பஞ்சமில்லை,
ஹாஜியார் ஒரு கிலோ அனுப்பியிருந்தார்.
இன்னொன்றும் அறைந்தேன், படத்துக்குக் கீழே.
அதில் கயிறு கட்டித் தொங்குகிறது
டோச்.