குளிர்கால வரவு செலவு

நவம்பரில் முதலில் போனவன் ஃபாபியான்.
கொலோன் அணி அவனுக்கு ஓர் அறையும்
பழைய கார் ஒன்றும் தருகிறதாம்.
பிறகு கேட்சர் டோர்பனின் முழங்கால்.
பிறகு, அடிக்கத் தெரிந்த ஒரே ஆள் யென்ஸ்
கலியாணம் கட்டி லைப்சிக் போனான்.
கவரில் இருபது யூரோ வைத்துக்
கொடுத்துவிட்டு வந்தோம்.

நான் கழகத்தின் பொருளாளர்.
விளையாடத் தெரியாது.
ஆறு வருடத்துக்கு முன், கூட்டத்தில்
மூக்கைச் சொறியக் கை தூக்கி மாட்டிக்கொண்டேன் என்பது
என் கணவர் சொல்லும் கதை.
உண்மை அதைவிட மோசம்:
நானாகவே கேட்டு வாங்கினேன்.

விட்டன் நகரத்துக் கரிச்சிட்டுகள் நாங்கள்.
நிலக்கரி எடுத்த ஊர், அதனால் அந்தப் பெயர்.
கரி போய்க் கன காலம். சிட்டுகளுக்கு
வங்கியில் இருக்கும் இரை
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழு யூரோ.
தை பிறந்தது.
சட்டையில் எங்கள் முதுகுக்குப் பெயர் தந்த டயர்க்கடை
பூட்டப்பட்டது.
விரலுக்கேற்ற வீக்கம் என்பார்கள்.
எங்களிடம் உள்ள ஒரே வீக்கம்
டோர்பனின் முழங்காலில்.

ஆனால் அந்த மூன்று பொடியன்கள்!

லெவின், இடக்கையன்.
அவன் பந்து கடைசி அடியில் மனம் மாறும்.
பாரிஷுக்குப் பேக்கரியில் அதிகாலை வேலை,
நகத்தில் மாவோடுதான் வளைபந்தைப் பிடிப்பான்.
கபிலாஷுக்குப் பதினேழு. பேச்சுக் குறைவு.
வேகம் நூற்று முப்பத்தொன்று.
வேகமானியை இரவல் தந்தவர்
அதை இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

போன கோடையில் இந்த மூவரும் எறிந்து
ஒன்றுக்குச் சைபர் என்று நாங்கள் தோற்ற ஆட்டங்கள் ஏழு.
ஏழு.
ஒருவன், யாரோ ஒருவன்,
மட்டையைப் பந்தில் சும்மா தொட்டிருந்தால்.
நான் கணக்குக்காரி.
அந்த எண் இரவில் வந்து
என் கால்மாட்டில் உட்காரும்.

வெனிசுவேலாவிலிருந்து ஒருவன் காணொளி அனுப்பினான்.
அவன் அடித்த பந்து மரங்களுக்கு மேலே போகிறது,
அதன் பின்னால் ஒரு நாய் போகிறது,
இரண்டும் திரும்பி வரவில்லை.
கிரேக்க உணவகத்தின் பின்னறையில்
மூன்று மணி நேரம் கூடிப் பேசி எழுதினோம்:
ஒரு சைக்கிள், ஊட்டா வீட்டு மாடியறை,
கிழமைக்கு நான்கு சாப்பாடு.
மிகப் பணிவாகப் பதில் போட்டான்.
ஆஸ்திரியாவில் ஏழு சாப்பாடாம்.

வெள்ளி இரவு ஒன்பதே முக்கால்.
பாட்மின்டன்காரர் போன பிறகு
பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபம் எங்களுக்கு.
பிடிக்க ஆள் இல்லை.
சுவரில் மெத்தையைச் சாய்த்து அதற்கு எறிகிறார்கள்.
கோட்டைக் கழற்றாமல் வாங்கில் இருந்து
பற்றுச்சீட்டுகளை அடுக்குகிறேன்.
நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை,
மெத்தையின் சத்தம் சொல்லும்
இது யார் கை என்று.

பெப்ரவரியில் கொலோன் மறுபடி எழுதியது.
இந்த முறை கபிலாஷ்.
இழப்பீடு ஆயிரத்து இருநூறு.
அதை வைத்து அடிப்பவன் ஒருவனை வாங்கலாம் என்றார் தலைவர்.
வாங்கலாம். பதினொன்றுக்கு ஏழு என்று தோற்கலாம்.
கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது பற்றி
ஜெர்மனில் சொல்லிப் பார்த்தேன்.
எந்தச் சித்திரம் என்று கேட்டார்கள்.

பொடியனிடமே கேட்டேன்.
"அன்ரி, அங்க கேட்சர் இருக்கோ?"
"இருக்கு."
ஒன்றும் சொல்லவில்லை.
பந்தை விரலுக்குள் உருட்டினான், கன நேரம்.
எறிந்தான்.
மெத்தைக்கு ஒரு சாண் தள்ளி
சுவரில் முஷ்டி அளவு பள்ளம்.

சுவர் திருத்த நூற்று நாற்பது யூரோ,
பள்ளிக்கூடம் பில் அனுப்பியிருக்கிறது.
செலவில்தான் எழுதினேன்.
கொஞ்ச நேரம் வரவுப் பக்கத்தில்
பேனா நின்றது உண்மை.

முதல் ஆட்டத்துக்கு இன்னும் பதினாறு நாள்.
அடிக்க ஆளில்லை.
கொலோன் கடிதம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில்,
பதில் போடவில்லை.
மைதானத்தில் ரூர் ஆறு
மூன்றாம் பேஸ் வரை ஏறி நிற்கிறது.