உட்காரக் கூடாத அறை

மழை நாட்களில் சுவர் கருவாடு மணக்கும்.
எழுபது வருஷம் இது மீன் கிடங்கு.
உப்பு செங்கலுக்குள் போய்விட்டது,
எத்தனை பூச்சு பூசினாலும் நவம்பரில்
வெளியே வந்து எட்டிப் பார்க்கும்.
பாரிஸ் பட்டும் மிலான் விளக்குகளும்
போர்த்தோவில் அந்த வாடையில்தான் நிற்கின்றன.
காவலர்கள் நாங்கள் அதைப் பேசுவதில்லை.

என் அறையில் நாற்காலிகள்.
முப்பத்தொன்பது.
வளைத்த மரம், வளைத்த குழாய்,
ஒரே மூச்சில் வார்த்த ஆரஞ்சு பிளாஸ்டிக்,
முட்டை போல ஒன்று, விரித்த உள்ளங்கை போல ஒன்று,
காற்று ஊதினால் உயிர் வரும் ஒன்று.
அது சுருங்கிக் கிடக்கிறது,
உயிரோடிருந்த புகைப்படம் பக்கத்தில்.

பார்க்க வருகிறவர்கள் பத்தாவது நாற்காலியில்
கால் மாற்றி நிற்கத் தொடங்குவார்கள்.
இருபதாவதில் இடுப்பைப் பிடிப்பார்கள்.
உட்கார எங்கே இடம் என்று
என்னிடம்தான் கேட்பார்கள்.
கீழே, கழிப்பறைக்குப் பக்கத்தில், ஒரு பெஞ்ச்.

அடுத்த அறை உடைகள். காவல், ஜசிந்தா.
இருட்டாக வைத்திருக்கிறார்கள்,
துணிக்குக் கண் கூசுமாம்.
நடுவில் ஒரு காகித கவுன்.
அறுபதுகளில் ஒரே ஓர் இரவுக்காகத் தைத்தது.
தைத்தது என்றுகூடச் சொல்ல முடியாது, ஒட்டியது.
உடுத்து, ஆடு, கசக்கி எறி என்று
உறையிலேயே அச்சடித்திருக்கிறது.
யாரோ எறிய மறந்திருக்கிறாள்.
ஆடவும் இல்லையோ என்னவோ,
மடிப்பு அப்படியே இருக்கிறது.
இப்போது அதற்குத் தனி வெப்பநிலை, இரவும் பகலும்.
என் வீட்டில் ஹீட்டர் ஜனவரியில்தான் போடுவேன்.

வியாழக்கிழமை, பதினொன்றே முக்கால்.
ஓர் அம்மாள் வந்தாள்.
நனைந்த மழைக்கோட்டு, கையில் மருந்துக்கடைப் பை.
கயிற்றைத் தாண்டவில்லை.
துணி உலர்த்தும் கொடியைக் கடப்பதுபோல்
குனிந்து அடியில் நுழைந்தாள்.
பதினேழாம் எண்ணில் உட்கார்ந்தாள்.
எஃகுக் குழாய், கறுப்பு ரெக்சின், ஐம்பத்தெட்டு.

அலாரம் அலறியது. நான் ஓடினேன்.
எழுந்திருங்கள் அம்மா, என்றேன்.
அவள் பின்னால் சாய்ந்து
இடப்பக்கம் ஒருமுறை எடையை மாற்றினாள்.
கிறீச்.
"இதேதான்."

கிமராயிஷில் ஒரு பல் வைத்தியர்.
காத்திருக்கும் அறையில் இது போல் ஆறு.
வாரம் மூன்று நாள், இருபத்திரண்டு வருஷம்
துடைத்தவள் அவள். பெயர் தியோலிந்தா.
இடது பக்கம் கையை ஊன்றினால் ஆறும் கத்துமாம்.
உட்கார்ந்ததில்லை,
நோயாளிகளுக்கானவை அல்லவா.

எழுப்பி அனுப்ப வேண்டிய என் வாய்
எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டது.
அவள் அவசரப்படவில்லை.
இன்னொரு முறை சாய்ந்து பார்த்தாள்.
"முதுகுக்குச் சரியில்லை."

மாடியிலிருந்து லியோனோர் வந்தாள்,
வெள்ளைக் கையுறை, உறிஞ்சு தாள்.
காய்ச்சல்காரர் நெற்றியைப் போல்
ரெக்சினை ஒற்றி ஒற்றி எடுத்தாள்.
பிறகு படிவம்.
ஈரம், இருக்கையில், இரண்டு உள்ளங்கை அகலம்.
ஒலி, இடது பின்கால். புதிதா, என்று கேட்டாள்.
பழசு, என்றேன். சாட்சி இருக்கிறது.

சேதத்தின் காரணம் என்று ஒரு கட்டம்.
அச்சிலேயே இருந்தன:
ஒளி. பூச்சி. பூஞ்சை. வெள்ளம். தீ. கவனக்குறைவு. பிற.
பேனா கவனக்குறைவின் மேல்
கொஞ்ச நேரம் நின்றது.
என்னைப் பார்த்தாள். நான் அலாரத்தைப் பார்த்தேன்.
பேனா கீழே இறங்கி, பிற என்பதற்கு எதிரே
ஒரே சொல் எழுதியது:
பயன்பாடு.

மழை விடும்வரை அந்த அம்மாள்
கீழே பெஞ்சில் இருந்தாளாம், ஜசிந்தா சொன்னாள்.
போகும்போது
தான் நனைத்த இடத்தைக்
கைக்குட்டையால் துடைத்துவிட்டு,
பக்கத்து இடத்தையும் துடைத்தாளாம்.