மஞ்சள் போடுகிறவள்

நான் மஞ்சள்.
ஜெமைமா சிவப்பு. டார்க்கஸ் நீலம்.
லண்டனில் கோழிச் சந்து, அச்சுக்கடையின் மேல்மாடி,
ஒரே மேசை. நூறு தாளுக்கு ஒன்பது பென்ஸ்,
மூவருக்கும் சேர்த்து.

கீழே க்ரட்ஜ் செப்புத்தகட்டைக் கீறிக்கொண்டிருப்பார்.
எழுத்துகளைப் பின்னாலிருந்து முன்னால் செதுக்குவார்,
அச்சில் திரும்பி நேராகிவிடுமாம்.
எனக்கு இரண்டும் ஒன்றுதான்.
படிக்கத் தெரியாது.

நாவல் மூன்று பாகமாம், ஊரே சிரிக்கிறதாம்.
எனக்குத் தெரிந்தது நான்காவது படம் மட்டும்:
நள்ளிரவு. சத்திரம்.
பாதிரியார் டாட்டில் கதவு மாறி நுழைந்து
நீதிபதி மனைவியின் கட்டிலில் ஏற
கட்டில் உடைந்து
பொய்மயிர் மூத்திரச் சட்டியில்.
துப்பாக்கியோடு நீதிபதி வந்துவிட்டார்,
கால்சட்டை வரவில்லை.

ஜெமைமா மூக்குகளை முடித்துத் தள்ளுவாள்,
எல்லாம் செர்ரிப் பழம்.
எனக்கு வருவது சட்டி, நாய்,
பித்தளைப் பொத்தான் பதினொன்று,
அப்புறம் கதவோரம் நிற்கும் வேலைக்காரியின்
மெழுகுவத்திச் சுடர்.

அவள் சிரிக்கவில்லை.
நாய்கூட வாயைப் பிளந்திருக்க
இவள் மட்டும் கட்டிலைப் பார்க்கிறாள்,
காலையில் இதை யார் கூட்டி அள்ளுவது
என்கிற மாதிரி.

ஒரு செவ்வாய்க்கிழமை நாவலாசிரியரே வந்தார்,
லாவிங்டன், வெள்ளைக் காலுறையில் தெருச் சேறு.
"யார் இவள்? என் புத்தகத்தில் இல்லையே."
"அந்த மூலை காலியாக இருந்தது, ஐயா."
"கும்மிருட்டு என்று எழுதியிருக்கிறேன்.
விளக்கு இருந்தால்
பாதிரியார் எப்படிக் கதவு மாறுவார்?"

நியாயம்தான்.

அன்று மாலை சுரண்டல் சத்தம்.
பிறகு தகட்டின் முதுகில் சுத்தியல்,
பிறகு எண்ணெய், மெருகு.
மறுநாள் வந்த தாள்களில் கதவோரம்
குறுக்கும் நெடுக்குமாக வெறும் கோடு.
ஆனால் செப்பு லேசில் விடாது.
தாளைச் சாய்த்துப் பிடித்தால்
ஒரு முழங்கை தெரியும்.

தூரிகை நுனியை நாக்கில் வைக்கக் கூடாது,
இந்த மஞ்சள் வயிற்றைக் கழுவிவிடும்.
வைத்தேன். யோசனையில், மூன்று தடவை.
முழங்கைக்கு ஒரு விரல்கடை மேலே
ஒரு சொட்டு.
டார்க்கஸ் பார்த்தாள்.
ஒன்றும் பேசாமல் அதற்குக் கீழே
ஏப்ரன் அகலத்துக்குக் கொஞ்சம் நீலம்.

இப்போது கடை ஜன்னலில் தொங்குகிறது.
நிலா என்கிறார் மாட்டிறைச்சிக்காரர்.
அறைக்குள் நிலாவா என்கிறான் நாற்காலி தூக்குகிறவன்.
பூனையின் கண் என்று அடித்துச் சொல்லி
ஒரு வக்கீல் இரண்டு பிரதி வாங்கிப் போனார்.
க்ரட்ஜ் ஜன்னலையும் பார்த்தார், மேல்மாடியையும் பார்த்தார்,
கல்லாவை மூடினார்.

முதல் சொட்டு வைத்த ராத்திரியைப் பற்றி
நான் யாரிடமும் சொல்லவில்லை:
வயிற்றைப் பிடித்துக்கொண்டு
மெழுகுவத்திக்குக் காசில்லாத படிக்கட்டில் இறங்கி
கொல்லைக் கதவு என்று நினைத்து
மெத்தடிஸ்ட் பாதிரியாரின் கதவைத்
தள்ளித் திறந்துவிட்டேன்.