பார்த்துக்கொள்

எங்கள் கம்பைலரில் பெயர்கள் எல்லாம் தமிழ்.
தரமணியில் இரண்டாம் மாடி, நான்கு பேர்,
மழைக்கு சர்வர் பக்கத்தில் ஒரு பச்சை வாளி.

நானூற்றுப் பன்னிரண்டு வரிக்கு ஒரே ஃபங்ஷன்.
பெயர்: பார்த்துக்கொள்.
எழுதிய தேவசகாயம் பெங்களூர் போய்விட்டான்.

எதைப் பார்த்துக்கொள்?
"பாத்துக்கலாம் மேடம்" என்று பிளம்பர் சொன்னால்
வேறு பிளம்பரைத் தேடு என்று பொருள்.
ஆனால் இது செய்கிறது. அதுதான் பயம்.
வகை பொருந்துகிறதா என்று பார்க்கிறது,
பார்க்கிற சாக்கில் மாற்றியும் விடுகிறது,
இரண்டையும் மூன்றையும் சேர்த்துக் கண்டால்
அங்கேயே ஐந்தாக்குகிறது,
பிழைச் செய்தி ஒன்றை
வாசல்வரை கூட்டிவந்து திருப்பி அனுப்புகிறது.

செவ்வாய் இரவு பிரிக்க உட்கார்ந்தேன்.
முதல் துண்டு சுலபம்: வகை_ஒப்பிடு.
அடுத்து வகை_மாற்று.
மூன்றாவதற்கு மாறிலி_மடங்கு என்று வைத்துவிட்டு
கீழே போய் டீ குடித்து வந்தால் உறுத்தியது.
மாறிலி தானாக மடங்குவதில்லை.
நாம்தான் மடக்குகிறோம்.
ங் போய் க் வந்தது.

யார் செய்தது, யாருக்கு நடந்தது என்பதை
ஓர் ஒற்றெழுத்தில் சொல்லிவிடுகிற மொழியில்
பார்த்துக்கொள் என்று எழுத
ஒருவனுக்கு எவ்வளவு தூக்கம் வந்திருக்க வேண்டும்!

நான் குடியிருப்பது லேக் வியூ ரோடு.
ஏரி இல்லை. வியூ, எதிர்வீட்டு ஏசி.
புது டெலிவரிப் பையன்கள் போனில் கேட்பார்கள்:
"ஏரி தாண்டியா மேடம், ஏரிக்கு முன்னாடியா?"
நான் பதில் சொல்வதற்குள்
பரோட்டா ஆறிவிடும்.

பதினொன்றே கால். மூன்று வரி மிச்சம்.
ஒவ்வொரு பெயரின் நீளத்திலும்
ஏதோ கொஞ்சம் கழிக்கின்றன,
சிலதில் ஒன்று, சிலதில் மூன்று, சிலதில் ஒன்றுமில்லை.
தேவசகாயத்தைக் கூப்பிட்டேன்.
பின்னால் குழந்தை அழுதது.
"அதுவா... ஏதோ காரணம் இருந்துச்சு கோமதி.
எடுத்துப் பாரேன், என்ன ஆகுதுன்னு."

எடுத்தேன். எல்லாம் ஓடியது.
பல என்று ஒரு மாறி வைத்து
அதன் பக்கத்தில் வேண்டுமென்றே தப்பாக எழுதினேன்.
அம்புக்குறி தப்பின்மேல் சரியாக நின்றது.
கடல் என்று மாற்றினேன், ஓரிடம் தள்ளிக் குத்தியது.
கொக்கு. மூன்றிடம் தள்ளி.

அப்படியென்றால் புள்ளி, கொம்பு, கால்
எல்லாவற்றையும் மெஷின் தனியாக எண்ணுகிறது.
அவன் அதை என்றோ கண்டுபிடித்து
மூன்று வரியில் சரிசெய்து
யாரிடமும் சொல்லாமல் போயிருக்கிறான்.
ஒட்டுக்குறி_கழி என்று வைத்தேன், அழித்தேன்.
எழுத்தாக_எண்ணு. போதும்.
தூக்கம் பற்றிச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்,
பாதியை.

கடைசித் துண்டுக்கு யோசிக்கவே இல்லை.
என்ன செய்கிறதோ அதை எழுதிவிட்டு
ஒன்றரைக்கு ஆட்டோ பிடித்தேன்.

காலையில் இஸ்மத் நாற்காலியைத் திருப்பினாள்.
"பிழையை_விழுங்கு-ன்னு வச்சிருக்க.
இதை எப்படிடி கஸ்டமருக்கு அனுப்பறது?
வேற பேர் வை."
"மூணு வருஷமா அனுப்பிட்டுதான் இருக்கோம்."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள்.
பிறகு பெயரைத் தொடாமல்
உள்ளே போய்
முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.